பாய்லருக்கு மணல் சலித்தவர்

எதையும் சலிக்காமல் ஏற்றுக்கொள்வதில்லை என்று வாழ்ந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் மில்லின் பாய்லர் ஆபரேட்டர்தான். ‘சல்லடை’ என்றால் ராஜபாளையத்துக்கே தெரியும். சொந்தப் பெயர் ஆபீஸ் ரெஜிஸ்டருக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் மஞ்சள் பையோடு வருவார். பைக்குள் ஒரு தூக்குவாளி, இரண்டு சல்லடைகள். கேன்டீனில் ஒருமுறை சர்க்கரையைச் சலித்து, கிடைத்த எறும்புகளை டீ மாஸ்டரிடம் முறையாக ஒப்படைத்தார்.

எல்லாம் புது பாய்லரால் வந்தது. அதில் கரி எரிவது சுடுமணலுக்குள். அடியிலிருந்து சீறும் காற்று மணலை உச்சிக்குத் தூக்கும். பக்கத்தில் ராட்சசப் புனல் மாதிரி ஒரு சைக்ளோன். அதற்குள் சுழன்றபின் புகை சிம்னிக்குப் போய்விடும். மணல் குழாய் வழியாகக் கீழே திரும்பும். மறுபடி மேலே போகும். பருமணல் எழும்பாது, பொடிமணல் திரும்பாது.

“பெரிய கண்ணுல விழணும், சின்னக் கண்ணுல நிக்கணும். அதான் சார் நம்ம மண்ணு” என்பார், இரண்டு சல்லடைகளையும் தூக்கிக் காட்டி. மனிதர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். மேனேஜர் பருமணல், எம்புட்டுக் காத்து அடித்தாலும் அசையமாட்டார். ஷிப்ட் இன்ஜினீயரான நான் பொடி. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

என் வேலை நிரந்தரமாவது முதலாளி நேரில் பார்க்கப்போகும் சோதனை ஓட்டத்தைப் பொறுத்திருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் புது மணல் வந்து இறங்கியது. சலிக்க மூன்று நாள் கேட்டார் சல்லடை.

“மூணு நாளா? மாவா சலிக்கிறீங்க?”

“மாவுன்னா ஒரே நாள்ல முடிச்சிருவேன் சார்.”

அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஆட்களை வைத்து மணலை அப்படியே பாய்லரில் கொட்டவைத்தேன். திரும்பி வந்தவர் காலியிடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, பறக்கட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார்.

பறந்தது. மறுநாள் காற்றைக் கூட்டக் கூட்ட, மேலே போன மணல் கீழே வரவேயில்லை. சிம்னி வழியாக ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. முதலாளியின் வெள்ளைக் கார் நிறம் மாறியது. பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி முறத்தோடு மில் கேட்டுக்கே வந்துவிட்டாள். “ஏலே, எவன்லே வத்தல்ல மண்ணைத் தூவுறது?”

பாய்லரை நிறுத்தினோம். “சலிக்காம போடச் சொன்னது யாரு?” என்றார் முதலாளி.

சல்லடை முன்னால் வந்தார். “நான்தான் முதலாளி. அவசரத்துல விட்டுட்டேன்.”

அவருக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். எனக்கு இன்னொரு சோதனை ஓட்டத்துக்கு வாய்ப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். வாசலில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“என் தப்பை நீங்க எதுக்கு ஏத்துக்கிட்டீங்க?”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நான் இல்லாம அந்த பாய்லர் ஓடாது சார். அவியளே கூப்பிட்டு விடுவாக. உங்களைத் துரத்துனா யாரு தேடப்போறா?”

பிறகு வீட்டுக்குள் பார்த்து, “ஏட்டி, சாருக்கும் சேத்து எலையைப் போடு” என்றார்.

அதன்பின் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவ்வளவு பிரியமாக யாரும் கேவலப்படுத்தியதில்லை.