ஒரு பள்ளிக்கு ஒரே கவுன்

ஹார்லன் ஸ்பிரிங்ஸ், நெப்ராஸ்கா
ஏப்ரல் 23, வியாழன்

அன்புள்ள மார்லிஸ் அண்ணிக்கு,

லவோன் எழுதுவது. இங்கே நலம். அங்கே நீயும் என் அண்ணன் டுவெய்னும் அவனுடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். என்னோடு ஒரே வகுப்பில் படித்த உன்னை, ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மட்டுமே அண்ணி என்று அழைப்பேன் என்பது உனக்குத் தெரியும். கேட்டுவிடுகிறேன்: அந்தப் பச்சை கவுனை எனக்கு விட்டுக்கொடு.

தீயணைப்பு நிலைய விருந்துக்கு இந்த வருஷம் பெண்கள் எல்லாரும், பள்ளியில் பிராம் நடனத்துக்குப் போவதுபோல, தரை தொடும் கவுனில் வர வேண்டுமாம். தபால் நிலைய டோரத்தி, அறுபத்து மூன்று வயதில், இளஞ்சிவப்பு வலைத்துணியில் ஒன்று வாங்கி, அதைக் காருக்குள் அடக்கிக் கதவைச் சாத்த இரண்டு பேரைக் கூப்பிட்டாள். நான் பெர்னிஸின் கவுன் கடைக்குப் போனது செய்தி சேகரிக்க மட்டுமே. முப்பத்தாறு வருஷ நிருபர் வேலையில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை, ஆகவே இதையும் சொல்கிறேன்: அந்தப் பச்சையைப் போட்டுப் பார்த்தேன். கழற்ற மனம் வரவில்லை. பெர்னிஸின் மகள் நோட்டைத் திறந்தாள்.

"எந்த ஸ்கூல்க்கா?"

"எனக்கு அம்பத்தொன்பது வயசும்மா."

"அது இருக்கட்டும். ஒரு மாடல்ல ஒரு ஸ்கூலுக்கு ஒரு டிரஸ்தான் குடுப்போம். ரெண்டு பேர் ஒரே மாதிரி வந்து நின்னா எங்க கடை மானம் போயிடும்."

நம் பள்ளியைச் சொன்னேன். விரலை ஓட்டிப் பார்த்தாள். "மார்லிஸ்னு ஒருத்தங்க செவ்வாக்கிழமையே இதுக்குப் பேர் எழுதிட்டாங்களே."

1984 பிராமுக்கும் நீ பெயர் எழுதியது செவ்வாய்க்கிழமைதான். இதே பச்சை. நான் வியாழக்கிழமை போனேன், நோட்டில் உன் பெயர் இருந்தது. வேறு எதுவும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். நடனத்தன்று பள்ளிப் பத்திரிகைக்காக கேலரியில் உட்கார்ந்து, மைக்கில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஜோடிகள் நடந்து வருவதைக் குறித்துக்கொண்டேன். உன் கவுனுக்கு மட்டும் பதினொரு வரி. பத்திரிகை வேலைக்கு வந்தபின் ஒவ்வொரு வசந்தத்திலும் அதே கேலரி, அதே பென்சில். என் பெயரை மைக்கில் யாரும் கூப்பிட்டதில்லை.

உனக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் வரவில்லை. பச்சைதான் உனக்கு எடுப்பு. இருந்தாலும் விட்டுக்கொடு.

உங்கள் சோளத்துக்கு நேரத்தில் மழை பெய்யட்டும். ஆலங்கட்டி பக்கத்து மாவட்டத்தோடு நின்றுபோகட்டும்.

உன் நாத்தனார்,
லவோன்

பி.கு.: வெள்ளி, காலை பத்து மணி. தபாலில் போடுவதற்கு முன் மறுபடியும் கடைக்குப் போனேன். "எந்த ஸ்கூல்க்கா?" என்றாள். வெஸ்ட் ஃபோர்க் என்றேன். கூடைப்பந்தில் நம்மை அழ வைத்த அதே வெஸ்ட் ஃபோர்க்.

"நேத்து வேற சொன்னீங்களே?"

"வயசாச்சும்மா. மறந்துபோச்சு."

என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள். கவுன் இப்போது என் அறைக் கதவில் தொங்குகிறது. நீ எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். விருந்தன்று மைக்கில் உன் பெயருக்கு அடுத்து என் பெயரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு இரண்டு கை இருக்கிறது, கோத்துக்கொண்டு நடக்க ஒன்றை எனக்குக் கொடு. செய்தியை யார் வேண்டுமானாலும் எழுதட்டும். எனக்கும் பதினொரு வரி வேண்டும்.