சூலம் வடக்கே, புலியும் வடக்கே

தனியாகப் போய் ஒரு புலியைப் பார்த்துவிட்டு வருவது என்று தீர்மானம் செய்தேன். இந்த வாக்கியத்தில் முக்கியமான சொல் ‘புலி’ என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு. பக்கத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உத்தியோகம். வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து வீட்டுக்கும் போய் வந்ததைத் தவிர வாழ்க்கையில் என்ன செய்தோம் என்று கொஞ்ச காலமாக ஒரு கேள்வி குடைகிறது. ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தெரியும் ஆளைக் கேட்பேன். அவனும் என்னையே கேட்பான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவோம்.

இந்த நிலைமையில் சிலர் காசிக்குப் போவார்கள். நான் தேசியப் பூங்காக்களுக்குப் போக ஆரம்பித்தேன். சொந்தக் காரில், சாலை வழியாக. அந்தச் சுகமே தனி. விடிவதற்குள் நகரம் பின்னால் போய்விடும். சோளக்காடு வரும், பருத்திக்காடு வரும், அப்புறம் இரண்டு பக்கமும் தேக்கு மரங்கள் வரும். நம்மை யாரும் ‘சார்’ என்று கூப்பிடாத ஊரில் கடுங்காபி குடிக்கலாம். கடைசியில் ஒரு காடு. காட்டுக்குள் ஒரு புலி. யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ்கிற ஓர் உயிர். அதன் கண்ணை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டால் எனக்கு ஏதோ புரிந்துவிடும் என்று தோன்றியது.

என்ன புரியும் என்று தெரியவில்லை. இதுவரை புலியைப் பார்த்ததில்லை.

காரணம் என் மனைவி வேதா. பந்திப்பூருக்குக் கிளம்பினேன், மைசூரில் அவளுடைய சித்தி பெண்ணின் கிரகப்பிரவேசத்தில் முடிந்தது. கவ்வால் காட்டுக்குக் கிளம்பினேன். பாசர் சரஸ்வதி கோயில் வரிசையில் முடிந்தது. அம்ராபாத் போனபோது காட்டை ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு ஸ்ரீசைலத்துக்கு அழைத்துப் போனாள். இந்தியாவில் எந்தக் காட்டின் மேல் விரல் வைத்தாலும் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு கோயிலோ ஒரு சொந்தமோ முளைத்துவிடுகிறது. தப்பித்தவறி ஜீப்பில் ஏறினாலும் பேச்சு நிற்காது. டிரைவரின் குடும்பம், கைடின் குடும்பம், அப்புறம் எல்லோருக்கும் புளியோதரை. புலி பார்க்கப் போய்ப் புளி வாசனையோடு திரும்பியவன் நான்.

மாடி வீட்டு ஜகதீசன், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போகிற காட்டிலெல்லாம் புலி வந்து நிற்கும்.

“சார், புலிக்கு மௌனம் வேணும். நான் தனியாத்தான் போவேன். தரிசனம் கேரண்டி.”

“வேதா வந்தா?”

“நக்கோ சார், வேண்டவே வேண்டாம். மான்கூட நிக்காது.”

“வராதேன்னு எப்படிச் சொல்றது?”

“அது உங்க டிபார்ட்மென்ட்.”

அன்று முழுக்க யோசித்தேன். கடைசியில் வழி கிடைத்தது. சூலம்!

ஒவ்வொரு கிழமையும் ஒரு திசையில் சூலம் நிற்கிறது, அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் கூடாது என்பார்கள் அல்லவா? அதில் வேதாவுக்கு அசாத்திய நம்பிக்கை. என் அக்கா பத்மஜா போலாரத்தில் இருக்கிறாள். அக்கா எப்போது கூப்பிட்டாலும் வேதா விரலை மடக்கிக் கணக்குப் போடுவாள்.

“செவ்வாய், புதன் வடக்கே சூலம். போலாரம் வடக்கு.”

“சரி, சனிக்கிழமை போலாமே.”

“சனி கிழக்கே. வழியில ஒரு இடத்துல ரோடு கிழக்கால திரும்புது, பாத்திருக்கீங்களா?”

கல்யாணமான நாளிலிருந்து இதுதான். இவ்வளவு ஆழமான பக்தியை மதிக்கத்தான் வேண்டும். மதித்தேன். பிறகு பயன்படுத்திக்கொண்டேன்.

மகாராஷ்டிரத்தில் தடோபா என்று ஒரு புலிக்காடு. ஹைதராபாத்திலிருந்து நேர் வடக்கு. செவ்வாய்க்கிழமை காலைக்குப் பயணத்தை வைத்தேன். சூலத்தின் முனையிலேயே போய் உட்கார்கிற மாதிரி.

வேதா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன்.

“வேதா, தடோபா போறேன். புலி பார்க்க.”

“என்னிக்கு?”

“செவ்வாய்க்கிழமை காலையில.”

கத்தி நின்றது. “செவ்வாயா? வடக்கே சூலமாச்சே!”

“அடடா!” என்றேன். பல நாள் ஒத்திகை பார்த்த அடடா. “லீவு எடுத்தாச்சு, ரூமும் போட்டாச்சு. மாத்த முடியாதே.”

“யாராவது லீவைச் செவ்வாய்க்கிழமை ஆரம்பிப்பாங்களா?”

“ஆபீஸ்ல ஆடிட்.”

“ஆடிட்னா எல்லாரும் ஆபீசுக்குல்ல வரணும்?”

“பேச்சை மாத்தாதே. சூலத்துல உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல. ஏதாவது ஆனா எனக்கு ஆகட்டும். நான் ஒருத்தனே போயிட்டு வந்துடறேன்.”

“நீங்கதான் இதெல்லாம் நம்பவே மாட்டீங்களே?”

“வயசாக ஆக நம்பிக்கை வருது, வேதா.”

“நெஜமாவா?”

“சத்தியமா நம்பறேன்.”

“நீங்க இப்படி மாறினதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?” என்றாள். மறுபடி வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். அந்த வேகத்தைப் பார்த்து நான் ஏதாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியவில்லை. புலியைப் பார்த்தால் புரியும் என்று ஒத்திப்போட்டிருந்தேன்.

“ஹவ் சார், ஆமா! ஓட்டையே இல்லாத பிளான்,” என்று ஜகதீசன் கை கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். காரின் முன்சீட்டில் வேதா. காலில் ஷூ, தலையில் தொப்பி, பச்சை நிற சுடிதார். மடியில் ஃபிளாஸ்க்.

“என்ன வேதா?”

“நானும் வரேன்.”

“சூலம்?”

“சூலத்துக்குத்தான் பரிகாரம் இருக்கே! உங்களுக்குத் தெரியாதா? வடக்கே சூலம்னா பால். ஒரு டம்ளர் குடிச்சிட்டுக் கிளம்பினா சூலம் ஒண்ணும் பண்ணாது. நான் குடிச்சாச்சு. இந்தாங்க, உங்களுக்கு.”

பாலுக்கும் என் வயிற்றுக்கும் பேச்சுவார்த்தை முறிந்து வெகு காலமாகிறது. அதனால்தான் கடுங்காபி. இது எங்கள் தெருவுக்கே தெரியும்.

“எனக்குப் பால் ஒத்துக்காதேம்மா.”

“வயிறு பெருசா, உயிர் பெருசா? வண்டி ஓட்டறவர் கண்டிப்பாக் குடிக்கணும்.”

“வேண்டாமே.”

“அப்ப சூலத்துல நம்பிக்கை இல்லேன்னு சொல்லிடுங்க.”

“சொன்னா?”

“நம்பிக்கை இல்லாதவர் என்னை ஏன் வர வேண்டாம்னு சொன்னீங்கன்னு கேப்பேன்.”

நான் சர்க்யூட் போட்டுப் பிழைப்பவன். இப்படி ஒரு சர்க்யூட்டை நான் போட்டதில்லை. எந்தப் பக்கம் தொட்டாலும் ஷாக் அடித்தது. வாங்கிக் குடித்தேன். கெட்டி எருமைப்பால்.

கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. “ஜீப்புல எனக்கு மட்டுந்தான் சீட்டு போட்டிருக்கேன்.”

“எனக்கு ஜகதீசன் சார் போட்டுக் குடுத்துட்டார். எவ்வளவு நல்ல மனுஷன்!”

அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் ஜகதீசன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இலையாக, மிகுந்த கவனத்தோடு, கீழே பார்க்காமல்.

மேட்சல் தாண்டியதும் வயிற்றில் முதல் இடி.

“வேதா, அக்கா வீடு பின்னாலதான் இருக்கு. ஒரு நிமிஷம் திரும்பிப் போயிட்டு...”

“கிளம்பின வண்டியைத் திருப்பக் கூடாதுங்க. ஓட்டுங்க, ஓட்டுங்க.”

சாலைப் பயணத்தின் இன்பங்களைப் பற்றி முன்னே சொன்னேன். அவை எல்லாம் அன்றைக்கும் இருந்தன. வேதா அனுபவித்தாள். “புரச மரம் பூத்திருக்கு, பாருங்க! காடே பத்தி எரியற மாதிரி இருக்கு!” எனக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது. தேக்குக் காட்டையும் பார்த்தேன். பெட்ரோல் பங்க் கழிப்பறையின் வெண்டிலேட்டர் வழியாக. சும்மா போய்க் கழிப்பறையைக் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் காமாரெட்டியில் பெட்ரோல் போட்டேன். நிர்மலில் பெட்ரோல் போட்டேன். அதிலாபாத்தில் டேங்கில் இடமில்லை. இருந்தாலும் போட்டேன்.

“எதுக்குங்க வழிஞ்சு ஊத்தற அளவுக்கு?”

“காட்டுல கிடைக்காது.”

“முன்யோசனைக்காரர்!” என்று கொய்யாப்பழத்தைக் கடித்தாள்.

சாயங்காலம் காட்டோரத்து விடுதியில் படுத்தபோது வயிறு அடங்கியிருந்தது. தூரத்தில் ஏதோ பறவை ஒற்றைக் குரலில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. போகட்டும், தனிமைதான் போயிற்று, புலி இருக்கிறது. நாளைக் காலையில் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டால் இந்தப் பெட்ரோலுக்கெல்லாம் ஓர் அர்த்தம் வந்துவிடும். அப்படி என்னைத் தேற்றிக்கொண்டு தூங்கினேன்.

விடியலில் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே வேதா வந்தாள். கையில் டம்ளர்.

“இது எதுக்கு?”

“இன்னிக்குப் புதன். இன்னிக்கும் வடக்கேதான்.”

“இந்தா இருக்கிற கேட்டுக்குப் போறதுக்குக்கூடவா?”

வேதா ஜீப் டிரைவரிடம் இந்தியில் கேட்டாள், கேட் எந்தத் திசை என்று. அந்தப் புண்ணியவான் கையை நீட்டிக் காட்டினார். சுத்தமான வடக்கு.

“நம்பறீங்க இல்ல?” என்றாள் வேதா, ரொம்ப அன்பாக.

குடித்தேன்.

புலிக்காட்டில் ஒரு விதி உண்டு. கேட்டுக்குள் போன பிறகு யாரும் ஜீப்பை விட்டுக் கீழே இறங்கக் கூடாது. மனிதர்களைப் புலியிடமிருந்து காப்பாற்றப் போட்ட விதி. என் வயிற்றை நினைத்து யாரும் போடவில்லை. கேட்டுக்கு முன்னால் ஜீப்புகளின் வரிசையில் நிற்கும்போதே உள்ளே உறுமல் ஆரம்பித்துவிட்டது. காட்டுக்குள் அல்ல, எனக்குள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இறங்கணும்னா இப்பவே இறங்கிடுங்க சாப்,” என்று இந்தியில் எச்சரித்தார்.

பச்சைக் காடு. பனி. புலி நடந்த தடம் கேட்டருகிலேயே மண்ணில் பதிந்திருந்தது. இத்தனை கிட்டத்தில் நான் வந்ததே இல்லை. இறங்கினேன்.

“நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்,” என்று வேதா கையசைத்தாள். பைனாகுலரை என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டாள்.

விடுதிக் குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். புலி. நேருக்கு நேர் பார்க்கிற புலி. காலை முழுதும் நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. அதற்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

வெயில் ஏறியதும் வேதா ஓடி வந்தாள்.

“என்னங்க! பாத்துட்டேன்! இம்மாம் பெரிய ஆண் புலி!”

“பேசாம இருந்தியா?”

“எங்க? டிரைவர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறாராம். அதைப் பத்திப் பேசிட்டே போனோம். என்ன பேச்சுன்னு கேக்கற மாதிரி அதுவா புதரை விலக்கிட்டு வந்துச்சு.”

“எப்படி இருந்தது?”

“உங்களை மாதிரியேதாங்க! குட்டையில பின்பக்கத்தை நனைச்சுக்கிட்டு, எதையோ யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தது. அப்புறம் ஒரு பெண் புலி வந்து லேசா ஒரு உறுமல். எழுந்திரிச்சுப் பின்னாலயே போயிடுச்சு, பாவம்.”

யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ்கிற உயிர் என்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரண்டு வேளையும் மோர் இல்லாத சோறு தின்றேன்.

வியாழக்கிழமை காலை. ஊர் திரும்ப வேண்டும். பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்தேன். வேதா கைப்பையைத் திறந்தாள்.

“இன்னிக்கு வியாழன். தெற்கே சூலம். ஹைதராபாத் தெற்கு.”

“மறுபடியும் பாலா?”

“தெற்குக்குப் பால் இல்லீங்க. தைலம்.”

பாட்டிலை வெளியே எடுத்தாள். விளக்கெண்ணெய்.

“தலைக்குத்தானே?”

“உள்ளுக்கு.”

அதிலாபாத் பங்க் ஞாபகம் வந்தது. நிர்மல் வந்தது. காமாரெட்டி வந்தது. டேங்க் இன்னும் முக்கால்வாசி நிரம்பியிருந்தது; பெட்ரோல் போடுகிற சாக்குக்குக்கூட வழியில்லை. உடைந்துவிட்டேன்.

“வேதா, எனக்குச் சூலத்துல நம்பிக்கை இல்ல. என்னிக்குமே இருந்ததில்ல. தனியாப் போகணும்னுதான் செவ்வாய்க்கிழமையாப் பார்த்து வெச்சேன்.”

“தெரியும்,” என்றாள். பாட்டிலை நிதானமாக மூடிப் பைக்குள் வைத்தாள்.

“மன்னிச்சுடு. உன்னோட நம்பிக்கையை நான் இப்படி விளையாட்டா எடுத்திருக்கக் கூடாது.”

காரில் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“எனக்கு மட்டும் நம்பிக்கை இருக்கா என்ன? போலாரத்துக்குப் போகாம இருக்க வேற என்னத்தைச் சொல்றது?”