செடிக்குச் சேதமில்லாமல்

எங்கள் தெருக்கோடியில் ஒரு குப்பைமேடு உண்டு. குப்பை எங்களுடையது, மேடு நகராட்சியுடையது. இந்தப் பாகப்பிரிவினையில் இதுவரை எந்தத் தகராறும் வந்ததில்லை. நாற்றத்துக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

மேட்டுக்கு நேர் எதிரே தையல்காரம்மா குடியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் குப்பை, மூடினால் புழுக்கம். அவருடைய சின்ன மகளுக்கு இளைப்பு. மேடு புகைய ஆரம்பித்தால் குழந்தைக்கு மூச்சு இழுக்கும். "மருந்து எழுதித் தர்றேன். ஆனா அந்தக் குப்பையை எடுத்தாத்தான் சரியாகும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தையல்காரம்மா நகராட்சி வாசலே கதியென்று கிடந்தார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவர் நீட்டிய மனுக்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டோம்.

ஒருவழியாகக் குப்பை அள்ளும் இயந்திரம் வந்தது. தெருவே திரண்டுவிட்டது. ஓட்டுநருக்குத் தையல்காரம்மா தன் கையால் காபி போட்டுக் கொடுத்தார். அவர் குடித்து முடித்து ஏறி உட்காருவதற்குள், ஒரு ஜீப் வந்து குறுக்கே நின்றது. தோட்டத்துறை அதிகாரி இறங்கினார்.

"நிறுத்துங்க! என்ன நடக்குது இங்க?"

"குப்பை அள்ளப் போறேன் சார்."

"இதைப் பாத்தா உனக்குக் குப்பையாத் தெரியுதா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். மேடு முழுக்கப் பச்சை. யார் வீட்டுச் சமையலறையிலிருந்தோ வந்த விதையில் தக்காளி காய்த்திருந்தது. உடைந்த நாற்காலிமேல் பூசணிக்கொடி ஏறி உட்கார்ந்திருந்தது. ஆமணக்கு ஆளுயரம். ஊமத்தை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. குப்பைமேனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி கும்மாளம்.

அதிகாரிக்கு அந்த வருஷம் பெரிய சங்கடம். நகரத்தில் பசுமையைக் காட்டியே தீர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. துறை நட்டு, படம் எடுத்து, மாலை போட்ட கன்றுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் ஊற்றுவது வேறு துறையின் வேலை. யாரும் கவனிக்காததால் பிழைத்தவை இந்தச் செடிகள்தான்.

"அரசு நிலத்துல வளர்றது அரசுச் செடி. துறை அனுமதி இல்லாம ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது" என்றார் அதிகாரி.

"அப்போ குப்பை சார்?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"குப்பைக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லம்மா. தாராளமா எடுத்துக்கட்டும். செடிக்கு மட்டும் சேதம் வரக் கூடாது."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "கீழேர்ந்து உருவணுமா சார்?"

"அது உங்க துறையோட தொழில்நுட்ப விஷயம்."

இயந்திரம் திரும்பிப் போயிற்று. மறுவாரமே மேட்டைச் சுற்றி வேலி. 'இயற்கைப் பூங்கா. குப்பை கொட்டாதீர்' என்று பலகை. நாங்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, குப்பையைப் பக்கத்துத் தெருவில் கொட்டினோம்.

ஆனால் செடிகள் வாட ஆரம்பித்தன. நிபுணர் குழு வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டே ஆராய்ந்தது. செடிகளுக்குப் பழகிய ஊட்டம் நின்றுபோனதே காரணம் என்று கண்டுபிடித்தது. உடனே பலகையில் ஒரு சொல்லை அழித்துத் திருத்தினார்கள்: 'குப்பை கொட்டுவீர்.' தையல்காரம்மா வீட்டிலிருந்து வரும் குப்பை போதவில்லை என்று அவருக்கு நோட்டீஸ்கூட வந்தது.

அதற்குள் பூங்காவின் புகழ் பரவிவிட்டது. நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து காரில் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டில் நடந்தார்கள். எங்களுக்கு நாற்றமாக இருந்தது அவர்களுக்கு மண்வாசனை ஆயிற்று. கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மையார் செடி செடியாகக் காட்டி வகுப்பெடுத்தார்.

"இந்த இலை இளைப்புக்கு ரொம்ப நல்லது."

"இந்த மேடு இல்லேன்னா இளைப்பே வராதும்மா" என்றார் வேலிக்கு வெளியே நின்ற தையல்காரம்மா.

"பாத்தீங்களா, நோயையும் மருந்தையும் இயற்கை ஒரே இடத்துல வெச்சிருக்கு!" என்றார் அம்மையார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தையல்காரம்மா மறுபடி அலைந்தார். எந்தெந்தக் கதவைத் தட்டினாரோ, எல்லாத் துறைகளின் அனுமதியோடும் அந்த இயந்திரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை இடுப்பில். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை.

நாங்கள் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்துக்கொண்டோம்.

"நீங்கதானேய்யா எடுக்கச் சொல்லி மனு போட்டீங்க?" என்றார் ஓட்டுநர்.

"அப்போ அது குப்பை" என்றார் தெருச் சங்கத்தின் செயலாளர், படுத்தபடியே. அவர் வாசலில் இளநீர்க்கடை வந்திருந்தது. எங்கள் மாடிகளுக்கெல்லாம் 'பூங்கா பார்த்த மாடி' என்று வாடகை ஏறியிருந்தது.

"எம் பொண்ணுக்கு மூச்சு முட்டுதேண்ணே" என்றார் தையல்காரம்மா.

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? வர்றவங்க முன்னாடி குழந்தை இருமினா பூங்காவுக்குத்தான் கெட்ட பேரு. நீங்க வேற வீடு பாருங்களேன்."

தையல்காரம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் வீட்டைக் காலி செய்தார். தையல் மெஷினை வண்டியில் ஏற்ற நாங்கள் எல்லோரும் கை கொடுத்தோம். உதவி என்றால் எங்கள் தெரு பின்வாங்காது.

இப்போது செயலாளரின் பேரனுக்கும் மூச்சு இழுக்கிறது. நகரத்திலேயே பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நன்றாகச் சோதித்துவிட்டு, பையனுக்குச் சுத்தமான காற்று வேண்டும், ஏதாவது பூங்கா பக்கமாகக் குடிபோங்கள் என்றார்.

"அங்கதான் டாக்டர் இருக்கோம்" என்றார் செயலாளர்.

"அப்போ கவலையே வேண்டாம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.