நாலு நாட்டு மாப்பிள்ளை

எனக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. என் மீதும்தான், கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பவன் நான். எட்டாவதோடு பள்ளியை விட்டதும் சித்தூர் மாம்பழ மண்டியில் அழுகலைப் பொறுக்கும் வேலை கிடைத்தது. (சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தரும் ஒரே உத்தியோகம்.)

அதனால்தான் அக்காவுக்கு வரன் வந்தபோது நைனா என்னை விசாரிக்க அனுப்பினார். மாப்பிள்ளை கால்பந்து ஆடியவர், பிறகு கோச் ஆனவர். ஓமன், மாலத்தீவு, பூட்டான், மலேசியா என்று நாலு நாடு. எதிலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. நாட்டையே விட்டுவிட்டு வருகிறவன் அக்காவை விடமாட்டானா? ஆனால் ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் அக்கா போட்டோவைப் பார்த்து, போனிலும் பேசி, சரி சொல்லியிருந்தாள்.

"இத்த நீ கெடுத்தே, அப்புறம் எனக்குத் தம்பியே இல்ல" என்றாள்.

மாப்பிள்ளை திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். எதிர் டீக்கடையில் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் போனில் அவர் போட்டோ: தோள்வரை முடி, முகம் முழுக்கத் தாடி. அந்த முடியைத் தேடித் தேடி ஐந்து டீ குடித்தேன்.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். புது மொட்டை, மேலே சந்தனம். (இந்த ஊரில் மொட்டையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?)

"யாருக்கோ காத்துக்கினு கீறீங்க போல?"

நம்ம பக்கத்துப் பேச்சு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நாலு நாட்டுலயும் தொரத்தி உட்டுட்டாங்கோ சார். இன்னா பண்ணானோ!"

"டீம் தோத்தா கோச்சைத்தானே மொதல்ல அனுப்புவாங்கோ?"

"அவனும் அப்பிடித்தான் சொல்லுவான். நாட்டுக்கு ஒரு பொண்டாட்டி இருக்கும் சார்."

அவர் டீயை மெல்ல உறிஞ்சினார். "அவரையே கேட்டுட்றதுதானே?"

"எனுக்குக் கொரல் நடுங்கும். நீங்க பேசுங்க. ஓமன்ல உங்க சம்சாரம் தேடுறாங்கன்னு சொல்லுங்க. இன்னா சொல்றான்னு பாப்போம்."

நம்பரைப் போட்டு என் போனை அவர் கையில் திணித்தேன். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. நிதானமாகத் தன் போனை எடுத்து இன்னொரு காதில் வைத்துக்கொண்டார்.

"அலோ, கோச்சா? ஓமன்ல உங்க சம்சாரம் தேடுறாங்கோ." பிறகு மறு போனில், "எனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலீங்க. பொண்ணோட தம்பி உட்டாத்தானே?"

ஆறாவது டீ என் மடியில் கொட்டியது.

"மொ... மொட்டை?" என்றேன்.

"உங்கக்கா சரின்னு சொன்னா முடி தரேன்னு வேண்டிக்கினேன் மச்சான். சொல்லிட்டாங்களே!"

என் போனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டேன், செருப்பை விட்டுவிட்டு. நான் பஸ் ஏறுவதற்குள் விஷயம் அக்காவுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு முடி வளரும் வரை கல்யாணம் தள்ளிப்போனது. அதுவரை அவள் என்னோடு பேசவே இல்லை.

போன மாதம் மாமாவின் ஐந்தாவது நாட்டு டீமும் தோற்றது. அழைத்துவர நானும் அக்காவும் ரேணிகுண்டா விமான நிலையத்துக்குப் போனோம். அவர் பழைய போட்டோவை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"மச்சான், நான்தான். செக் பண்ணிக்கோ."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் போட்டோவையும் முகத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வாங்கினேன்.