நான்கு கை கேட்கும் கூரை

அன்புள்ள தங்கை மேவிஸுக்கு,

கவென்ட்ரியிலிருந்து அக்கா எடித் எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால்தான் நலமில்லை. உன் நலமும் பூனைகளின் நலமும் அறிய ஆவல். உன் அத்தான் சிரிலின் நலத்தைக் கேட்காதே. அவருடைய காரின் நலத்தைக் கேள், விடிய விடியச் சொல்வார்.

சனிக்கிழமை பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன். பின்னறையை ஒழித்து வை. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நிறுத்தி நிறுத்தி எழுத வராது, நீயே மூச்சு விட்டுப் படித்துக்கொள். நம் பேத்தி ஹேசல் ஊர் மண்டபத்தில் தனியாகக் கார்னெட் என்கிற பித்தளைக் குழல் வாசித்தாள், இந்தக் குடும்பத்தில் சுடு டீயைத் தவிர வேறெதையும் யாரும் ஊதியதில்லை, என் பேத்தி ஊதினாள், "பாட்டி, நீங்க முதல் வரிசையில உட்காரணும்" என்று சொல்லியிருந்தாள், உன் அத்தானோ காரில்தான் போக வேண்டும் என்றார், பாதி வழியில் மழை, கார் நின்றுவிட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் எங்கள் சீட்டு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அது நின்றால் தட்ட வேண்டும், அதுதான் வைத்தியமாம்.

"எடித், உன் ஷூவைக் கழட்டு."

"உங்க ஷூ என்னாச்சு?"

"என்னுது ரப்பர் அடி. உன் குதிதான் தோது."

பம்ப் ஓடியது, ஷூவின் குதி உடைந்தது. அப்புறம் இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடவில்லையாம், ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கிறார், நேரமாச்சு என்றால் "உஷ், ஒண்ணு இளைக்குது" என்கிறார். குளிர்காலம் முழுக்க நான் இளைக்கிறேன், எந்தக் குழாய் வந்தது? இத்தனைக்கும் தலைக்கு மேல் கூரை இல்லை, திறந்து போனால்தான் அழகாம். அந்தத் துணிக் கூரைக்குக் கார்த் தொழிற்சாலையில் வரைபடம் போட்டவரே இவர்தான், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்துப் பொத்தானை அழுத்தாவிட்டால் ஒரு பக்கம் மாட்ட மறுபக்கம் பிய்த்துக்கொள்ளும். தனியாகப் போகிறவர் என்ன செய்வார் என்று அப்போதே கேட்டேன். "ரெண்டு சீட்டு வண்டிம்மா. கூட ஒருத்தர் இருப்பாங்கல்ல" என்றார்.

நாங்கள் நனைந்து போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹேசல் கார்னெட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். "பரவால்ல பாட்டி, தாத்தா கார் அப்படித்தானே." அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீடு திரும்பும் வழியில் இவர் சொல்கிறார், "முன்னால பாதி எடை, பின்னால பாதி எடை. வளைவுல எப்படி நிக்குது பார்த்தியா?" நான் உடைந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கர்த்தர் உன்னையும் பூனைகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா எடித்

பி.கு.: உறையை ஒட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இவர் தனியாகக் கூரையோடு மல்லுக்கட்டுகிறார். இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் தெறிக்கிறது. என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் "ம், இப்ப இழு" என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் யாருமில்லாததைப் பார்த்து நிற்கிறார். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கைக்குக் கிடைத்தது அந்தக் குதியில்லாத ஷூதான், அதை மாட்டிக்கொண்டு போகிறேன். பின்னறை பூனைகளுக்கே இருக்கட்டும்.