டியூபாக்காரர்கள் எடுத்த ஊர்வலம்

ஒரு காரியத்தைச் சொதப்புவதற்கு ஒரு ஆள் போதும். அதையே தெரு மொத்தமும் வாயைப் பிளந்து பார்க்கும்படி சொதப்ப வேண்டுமென்றால், ஒரு வாட்ஸ்அப் குரூப் வேண்டும். எங்கள் குரூப்புக்கு அட்மின் நான்தான்.

முதலில் டியூபா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேண்டு செட்டில் கடைசி வரிசையில் ஒருவர் பித்தளை அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி ‘பொம்... பொம்...’ என்று ஊதிக்கொண்டிருப்பாரே, அதுதான். பாட்டை டிரம்பெட்காரர்கள் வாசிப்பார்கள். நாங்கள் அடியில் நின்று தாங்குவோம். கல்யாண வீடியோவில் எங்கள் முகம் வராது. (வந்தாலும் கன்னம் உப்பித்தான் இருக்கும், வராததே நல்லது.)

அந்த வாத்தியத்தில் எங்கள் பக்கம் ஒரே ராஜா, ஞானராஜ் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து, ஒரு கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர். காஞ்சிபுரத்திலிருந்து தாம்பரம் வரை எந்தக் கோயில் பண்டிகைக்குப் பேண்டு பேசினாலும், ‘ஞானராஜ் வருவாரா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். கம்பெனி பஸ்ஸில் அவருடைய டியூபாவுக்குத் தனி சீட் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நின்றுகொண்டு வருவார்கள்.

நான் வடக்குப்பட்டுக்காரி. அதே கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஒருநாள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, மாஸ்டர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்தார்.

“ஏட்டி, என்னா மூச்சு உனக்கு! டியூபா படிக்கியா?”

இப்படித்தான் ஆள் பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பின்னால் வகுப்பு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வெல்டர், ஹாஸ்டல் வார்டன் என்று எல்லாரும் தொப்பையும் தொந்தியுமாக வந்து உட்காருவோம். டிரம்பெட் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

“மேல ஓடுறதுக்கு ஆயிரம் பேரு வருவான். கீழ நிக்கதுக்குத்தான் ஆளு இல்ல,” என்பார். அடுத்து வேதவாக்கு: “டிரம்பெட்டுக்காரன் என்ன வாசிக்கான்னு காதைக் குடுக்காத. மயக்கிருவான். காலைப் பாரு, எண்ணு, ஊது.”

நாங்கள் அப்படியே கீழ்ப்படிந்தோம். எங்களைக் கவிழ்த்தது அந்தக் கீழ்ப்படிதல்தான்.

மாஸ்டர் ரிட்டயர் ஆகும் நாள் வந்தது. கம்பெனியில் மாலை போட்டு, வேனில் தெருமுனை வரை கொண்டுவந்து, அங்கிருந்து வீடு வரை ஊர்வலமாக அழைத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முந்தைய வாரம் மாஸ்டரின் மனைவி ரோஸ்லின் அக்கா என் வீடு தேடி வந்தார்.

“ஊரு கல்யாணத்துக்கெல்லாம் ஊதிட்டாரு, கஸ்தூரி. எங்க கல்யாணத்துக்கு அப்பறம் அவருக்கோசரம் யாரும் ஊதுனதில்ல. எங்க கல்யாணத்துல கோயில் வாசலாண்ட ஒரு பாட்டு வாசிச்சாங்க. அவரும் எல்லா கல்யாணத்துலயும் அத்தத்தான் வாசிக்கிறாரு. அந்தப் பாட்ட அவருக்கு வாசிங்க. வேற ஒண்ணும் வாணாம் எனுக்கு.”

சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

“நான் பாத்துக்கறேன்கா,” என்றேன். (இந்த வார்த்தையை நான் சொன்னாலே எங்கள் அம்மா சாமி படத்தைப் பார்ப்பார்.)

உடனே குரூப்பில் குரல் பதிவு போட்டேன். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், படப்பை என்று எந்தெந்த பேண்டிலோ ஊதிக்கொண்டிருந்த மாஸ்டரின் மாணவர்கள் அத்தனை பேரும் வருவதாகச் சொன்னார்கள். ‘பாட்டு தெரியும்ல?’ என்று கேட்டேன். கட்டை விரல்களாக வந்து கொட்டின. சேர்ந்து ஒத்திகை பார்க்க வழியில்லை. ஒருவருக்கு ஏ ஷிஃப்ட் என்றால் இன்னொருவருக்கு நைட், மூன்றாமவருக்கு ஓ.டி. அதனால் அவரவர் ரூமிலேயே பழகினோம். ஹவுஸ் ஓனர்கள் நல்லவர்கள்.

டிரம்பெட்டுக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்காரர்கள் படப்பையிலிருந்து வரும் என்று இருந்தார்களாம், படப்பைக்காரர்கள் எங்களை நம்பி இருந்தார்களாம். எனக்கு அந்த நினைப்பே இல்லை. ரூமில் தனியாக ‘பொம் பொம்’ என்று ஊதும்போது எனக்குப் பாட்டு முழுசாகத்தான் கேட்டது!

அன்று சாயங்காலம் தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து டியூபா இறங்கியது. பைக்கின் பின்சீட்டில் கட்டியபடி டியூபா வந்தது. தெருவின் இரு பக்கமும் டியூபாக்கள் நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது வெல்டர் மணி மெல்லக் கேட்டான்:

“கஸ்தூரி, டிரம்பெட்டு யாரு?”

வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன், ஒரு டிரம்பெட்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் வேன் வந்துவிட்டது. கழுத்து நிறைய மாலையோடு மாஸ்டர் இறங்குகிறார். வீட்டு வாசலில் பட்டுப்புடவையில் ரோஸ்லின் அக்கா நிற்கிறார். வேறு வழியில்லாமல் கையைக் காட்டினேன்.

பொம்... பொம்... பொம்பொம். பொம்...

தெரு அதிர்ந்தது. கொடியில் காய்ந்த யூனிபார்ம்கள் ஆடின. நாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போயின. பாதிப் பாட்டைத் தாண்டிய பிறகு எதிர்வீட்டு அம்மா என் தோளைத் தட்டினார்.

“எப்பமா ஸ்டார்ட் பண்ணுவீங்க? அடுப்புல பாலு கீது.”

ரோஸ்லின் அக்கா பக்கத்தில் வந்துவிட்டார். “கஸ்தூரி, இது இன்னா பாட்டு?”

“நீங்க கேட்ட பாட்டுதான்கா.”

“இதுவா?”

அக்காவின் முகம் அப்படியே வாடிவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டேன். “யாராச்சும் வாயாலயாவது பாடுங்கப்பா!” என்று கத்தினேன். எங்களில் ஒருவருக்கும் மெட்டு தெரியவில்லை. காதைக் கொடுத்திருந்தால்தானே!

கடைசியில் மாஸ்டரிடமே ஓடினேன். “மாஸ்டர், நீங்களே பாடிடுங்க.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். தெருவே அமைதியானது.

“பொம்... பொம்... பொம்பொம்...”

கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். “ஏ ரோஸ்லின், மேல என்னன்னு எனக்குத் தெரியாதுல்லா!”

“அடப்பாவி மனுசா! எங்கல்யாணப் பாட்டு இன்னான்னே தெரியாமத்தான் இத்தினி வருசம் என்னோட குடும்பம் நடத்திகினு இருந்தியா?”

தெரு குலுங்கிச் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாட ஆரம்பித்தார். பெரிய குரல் இல்லை. மேலே போகும்போது உடைந்தது. ஆனால் மெட்டு தெளிவாக இருந்தது. மாஸ்டர் என் டியூபாவைப் பிடுங்கி, மாலை நசுங்க அணைத்துக்கொண்டு அந்தக் குரலுக்கு அடியில் ஊதினார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். மாஸ்டர் அன்று தன் காலைப் பார்க்கவே இல்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊதினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையில் வாத்தியம் இல்லாததால் வசதியாக அழுதேன்.

வீட்டுப் படியேறும்போது மாஸ்டர் என்னிடம் சொன்னார்: “நல்ல பாட்டுட்டி இது.”

அந்த வெல்டர் மணியைத்தான் பிறகு நான் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் டியூபா என்றால் பிள்ளை என்ன ஆகும்? போன வருடம் எங்கள் மகள் பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டியில், அம்மா தூங்கவைக்கும்போது பாடும் பாட்டு என்று அறிவித்துவிட்டு, மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ‘பொம்... பொம்... பொம்பொம்’ என்று முழுசாகப் பாடி முடித்திருக்கிறாள். மிஸ் போனில் கூப்பிட்டு, குழந்தைக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

வெட்கத்தோடு மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ரோஸ்லின் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“கடைசி வரைக்கும் தாளம் தப்பாம நின்னாளா?”

“நின்னாளாம், மாஸ்டர்.”

“பொறவு என்ன? டிரம்பெட்டுக்காரன் வரலன்னா அது புள்ள தப்பா?”

இப்போது எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், மகள் கணக்கில் மார்க் குறைந்தாலும் காரணம் இதுதான்: டிரம்பெட்டுக்காரன் வரவில்லை.