இறாலுக்கு அங்கால பெயர் செல்லாது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற வகை. ஆனால் அதை இப்போதே தரமுடியாது. எங்கள் ஊரில் எதையும் கேட்டவுடன் கொடுக்கிற வழக்கமில்லை. சிரிக்க விரும்புகிறவர்கள் வரிசையில் நிற்கவும். உரிய நேரத்தில் அழைக்கப்படுவீர்கள். இடையில் சிரித்துவிட்டால் அலுவலகம் பொறுப்பேற்காது.

அலுவலகம் என்றேன் அல்லவா, அதிலிருந்தே தொடங்குவோம். கரைத்தீவில், களப்பைப் பார்த்தபடி, 'கரையோர வதிவு ஒருங்கிணைப்பு உப அலுவலகம்' என்று ஒன்று உண்டு. கட்டிடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளம். "இந்த ஆள் இந்த ஊரில்தான் இருக்கிறார்" என்று கடிதம் கொடுப்பது அதன் ஒரே வேலை. ஆள் முன்னால் நின்றாலும் கடிதம் இருந்தால்தான் ஆள்.

அதன் தலைவர் நிஸார் சேர். கொழும்பில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், ஒரு பை, ஒரு தண்ணீர்ப் போத்தல், 'டிஜிட்டல்' என்ற ஒரு சொல் ஆகியவற்றோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் தேநீர்கூட டிஜிட்டலாகத்தான் வருகிறது. அதாவது, வருவதில்லை.

நான் அக்கீலா. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கிறேன். சும்மா என்றால், பாலாவி பஸ் கண்டக்டர் மாதிரிக் கத்துவேன், பக்கத்து வீட்டு ஆடு மாதிரிக் கனைப்பேன், நிஸார் சேர் மாதிரித் தொண்டையைச் செருமுவேன். ஒருமுறை அந்தச் செருமலைக் கேட்டு அலுவலகப் பியோன் எழும்பி ஓடியதை ஊரே பார்த்தது.

என் சாச்சி மைமூனா, சின்னம்மா முறை. தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களை விரட்டியபோது, பன்னிரண்டு வயதில் ஒரு பையோடு வந்தவள். முப்பத்தைந்து வருஷமாக இங்கேதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு ஆக்கினால் உப்புப் போடத் தேவையில்லை, அப்படிப்பட்ட தண்ணீர். இந்த முறை குடிநீர்க் குழாய் தருகிறார்களாம். வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குமுன் வதிவுக் கடிதம் கொடுத்தவர்களுக்கு மட்டும். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார்களாம். அரசாங்க நாட்காட்டியில் அது ஏழெட்டு வருஷம்.

திங்கட்கிழமை காலை சாச்சியோடு நானும் போனேன். நிஸார் சேர் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார்.

"லாத்தா, ஸ்க்ரீன்ல நீங்க இல்லையே."

"ஸ்க்ரீன்ல இல்லாட்டி என்ன சேர்? கதவடியில நிக்கிறேனே."

"கதவடி டிஜிட்டல் இல்ல, லாத்தா."

பாலாவியில் கொம்பியூட்டர் திருத்துகிற அன்ரன் வரவழைக்கப்பட்டான். வந்து, டிபக்கர் என்று பிழை பிடிக்கிற ஒன்றை ஓடவிட்டு, சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தான்.

"சேர், இந்தப் புரோகிராமை எழுதினவருக்கு வரிக்கு இவ்வளவு என்று கூலி பேசினீங்களா?"

"மேலிடத்தில பேசினது. ஏன்?"

"ஊர்ல ஒரு ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கார். ஆளாளுக்குத் தனிப் பெயர். ஒழுங்கைக்கு ஒரு பெட்டி."

நிஸார் சேர் பெருமையோடு தலையாட்டினார். அன்ரன் விளக்கத் தொடங்கினான். எழுதினதை மெஷின் பாஷைக்கு மாற்றி கொம்பைல் பண்ணினதும் பெயரெல்லாம் போய்விடுமாம். மெஷினுக்கு இடம்தான் தெரியும், பெயர் தெரியாது. அதனால் பக்கத்தில் தனியாக ஓர் இடாப்பு வைப்பார்களாம்: இன்ன பெயர், இன்ன வகை, இன்ன இடத்தில் இருக்கிறது, இந்த வரியிலிருந்து அந்த வரிவரை செல்லுபடியாகும். டிபக்கர் அந்த இடாப்பைப் பார்த்துத்தான் மனிசருக்கு விளங்குகிற மாதிரிக் கதை சொல்லுகிறதாம்.

"பெட்டிக்குள்ள பெட்டி, சேர். வீட்டைச் சுத்தி ஒழுங்கை, ஒழுங்கையைச் சுத்தி ஊர். பெயரொண்டைத் தேடினா முதல்ல உள் பெட்டியில பாக்கும். இல்லாட்டி அதைச் சுத்தியிருக்கிற பெட்டி. அங்கயும் இல்லாட்டி இன்னும் வெளிய. உள்ளுக்கே கிடைச்சிட்டா வெளியில அதே பெயர்ல நிக்கிறவரைத் திரும்பியும் பாக்காது."

இதற்கு ஏன் படித்தான் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் குசினியில் "அன்ஸார்!" என்று கூப்பிட்டால் என் தம்பி வருவான். வெளியே சின்னத் தெருவில், ஒழுங்கையில் நின்று கூப்பிட்டால் தையல்காரர் வருவார். சந்தியில் கூப்பிட்டால் ஹாட்வெயார் முதலாளி. யாரும் இதுவரை மாறி வந்ததில்லை.

"அப்ப என்ட பெயர்?" என்றாள் சாச்சி.

"பெயர் இருக்கு. மூன்றாம் ஒழுங்கை என்றும் இருக்கு. எந்த இடத்தில இருக்கிறீங்க என்ற கட்டத்தில மட்டும் 'ஒப்டிமைஸ்ட் அவுட்' என்று காட்டுது." அன்ரன் குரலைத் தாழ்த்தினான். "பிறகு எங்கயும் பாவிக்கப்படாத ஆளை வச்சிருக்கிறது வீண் என்று கொம்பைலர் தூக்கிட்டுது. காணி, கடன், வழக்கு, எதிலயாவது ஒருக்கா உங்களை எடுத்திருந்தா விட்டிருக்கும்."

"வோட்டுக்குக் கூப்பிடுவாங்களே மகன்."

"அது மன்னார் இடாப்பில லாத்தா."

அன்ரன் வயரைச் சுருட்டினான். பிறகு நிஸார் சேர், "நீக்கப்பட்டவருக்குக் கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை" என்று மனவருத்தத்துடன் அறியத்தந்தார். திருத்திய புரோகிராம் கொழும்பிலிருந்து வர ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், செல்லுமாம்.

சாச்சி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து, செருப்பைப் போட மறந்து, பாதி வழி நடந்துவிட்டாள்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. கட்டின நாளிலிருந்து தண்ணீர் காணாதது. அதற்குள் தலையை விட்டுக் கதைத்தால் குரல் கொழும்பிலிருந்து வருவதுபோலக் கேட்கும். இதை நான் ஐந்தாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தேன். அலுவலகத் தொலைபேசியோ, யார் கூப்பிடுகிறார் என்று காட்டாத பழைய பெட்டி. அன்று பின்னேரமே கைத்தொலைபேசியோடு தாங்கிக்குள் தலையை விட்டு, 'ஐயா'வைக் கொழும்புச் சிங்கள 'மாத்தயா' ஆக்கி, அலுவலகத்துக்கு எடுத்தேன்.

"நிஸார் மாத்தயாவா? நான் கொழும்பில் இருந்து கதைக்கிறேன். குறியீட்டுப் பிரிவு, மேலதிகப் பணிப்பாளர்."

கதிரை பின்னால் தள்ளுப்படுகிற கிரீச் சத்தம் எனக்கே கேட்டது.

"எழும்பி நிக்கிறேன், மெடம்!"

"நில்லுங்க. உங்கட ஊரும் எங்கட ஸ்க்ரீனும் ஒன்றுக்கொன்று முரண்படுது. ஸ்க்ரீன் பிழைவிடுமா?"

"ஒருநாளும் இல்ல, மெடம்."

"அப்ப ஊரைத் திருத்துங்க. ஒழுங்கை தொடங்கிற இடத்தில ஒரு அடைப்புக்குறி, முடியிற இடத்தில ஒரு அடைப்புக்குறி. பெயர் அதுக்குள்ள மட்டும்தான் செல்லும். அடுத்தது, நீக்கப்பட்ட ஆட்கள். பாவிக்காததாலதானே நீக்கினது? மணிக்கொருக்கா பாவியுங்க. ஏதாவது கேளுங்க, பதில் வாங்குங்க, பதிந்து கையொப்பம் வையுங்க."

உண்மையைச் சொன்னால் எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது கட்டளை மட்டும். முதலாவது என் சந்தோஷத்துக்கு.

செவ்வாய்க்கிழமை விடியச் சுற்றுநிருபம் ஒட்டப்பட்டிருந்தது: 'இத்தால் சகலரும் அறிவது யாதெனில், எவரும் தமது பெயரைத் தமது ஒழுங்கைக்கு அப்பால் கொண்டுசெல்லலாகாது.' அடைப்புக்குறி எழுத, இறால் பண்ணைகளுக்குப் போர்ட் எழுதுகிறவரைப் பிடித்தார்கள். நிஸார் சேர் கடதாசியில் கீறிக் கொடுத்த நெளிந்த குறியை அவர் பார்த்தார். பார்த்த உடனே விளங்கிவிட்டது. இருபது வருஷமாக அதைத்தானே கீறுகிறார்! ஒழுங்கைத் தொடக்கத்தில் ஓர் இறால், முடிவில் ஓர் இறால்; மீசை, கண், பதினான்கு கால்களோடு.

முதலில் அகப்பட்டவர் முதலாம் ஒழுங்கை மீன்காரர் அலியார் நானா. சைக்கிளோடு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவரை நிஸார் சேர் மறித்தார்.

"நீங்க யார்?"

"என்ன சேர், அலியார்!"

"அது முதலாம் ஒழுங்கையில. இங்க?"

"மீன்காரன்."

"அது வகை. பெயரைக் கேக்கிறேன்."

அலியார் நானா கொஞ்சம் யோசித்தார். "பெயர் அந்த றாலுக்கு அங்கால நிக்குது சேர். போய்க் கூட்டிக்கொண்டு வரவா?"

பக்கத்து வீட்டு பரீனா லாத்தா வாசலில் நின்று கத்தினாள்: "பெயர் இல்லாட்டிப் பரவாயில்ல, மீன் இருக்கா?"

ஊர் எதிர்க்கும் என்று நினைத்தேன். எங்கள் ஊரை நான் சரியாக அறியவில்லை. புதன்கிழமைக்குள் ஐந்தாம் ஒழுங்கைக்காரர் தங்கள் இறாலுக்கு வெள்ளி மை பூசிவிட்டார்கள். நான்காம் ஒழுங்கைக்காரர், "எங்கட றாலுக்குக் கால் குறைவு" என்று மனுப் போட்டார்கள். கடனுக்குத் தேடப்பட்டவர்கள் பக்கத்து ஒழுங்கையில் நின்று நிம்மதியாகச் சிகரெட் பிடித்தார்கள். "உங்கட நாய் எங்கட றாலுக்குள்ள வந்து குரைக்குது" என்று இரண்டு குடும்பத்துக்கு இடையில் கதை பேச்சில்லை.

இதற்கிடையில் சாச்சி பாவிக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு நிஸார் சேர் பெரிய பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

"மைமூனா லாத்தா, இருக்கிறீங்களா?"

"இருக்கேன்."

எழுதுவார், கையொப்பம் வைப்பார், போவார். பத்து மணிக்கு மறுபடி. பதிவேட்டை நான் எட்டிப் பார்த்தேன். 'மு.ப. 9.00: இருக்கிறார். மு.ப. 10.00: இருக்கிறார், மீன் கழுவுகிறார். மு.ப. 11.00: இருக்கிறார், கோபத்துடன்.'

ஒவ்வொரு மணியும் என்ன கேட்பது என்று தெரியாமல், செவ்வாய் பின்னேரம் அவர் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "லாத்தா, இந்த வேலிப் பிரச்சினை ஒம்பது வருஷமாக் கிடக்கு. என்ன செய்யலாம்?" சாச்சி கை துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரையும் ஒரே கயிறு பிடிச்சு அளக்கச் சொல்லுங்க" என்றாள். அடுத்த மணி அது முடிந்துவிட்டது. புதன்கிழமை நான்கு கோப்புக் கொண்டுவந்தார். சாச்சி நல்ல சேலை உடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வியாழன் இரண்டு மணியோடு இருபத்திரண்டு பதிவுகள். இருபத்திரண்டு கையொப்பம். சாச்சி இந்த ஊரில்தான் இருக்கிறாள் என்பதற்கு இலங்கையில் வேறெந்த மனிசருக்கும் இல்லாத அத்தாட்சி. இரண்டு பத்துக்குத் தாங்கிக்குள் தலையை விட்டேன்.

"நான் கொழும்பில் இருந்து கதைக்கிறேன். பாவிப்புப் பூரணம். உடனே கடிதம் கொடுங்க, மாத்தயா."

அந்த நேரம் பார்த்து, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ வந்தது. எங்கள் பாண் ஓட்டோவின் ஸ்பீக்கர் பழுது. பாட்டுப் பாதியில் விக்கும், பிறகு முதலில் இருந்து தொடங்கும். விக்கியது. தொடங்கியது. மறுபடி விக்கியது.

மறுமுனையில் ஜன்னல் திறக்கிற சத்தம்.

"மெடம், கொழும்பிலயும் பாண் வருது போல?"

"வரும்தானே," என்றேன். "தலைநகரம்."

"ஓம், மெடம்," என்றார் நிஸார் சேர்.

இரண்டு நாற்பதுக்குக் கடிதம் சாச்சியின் கையில். இரண்டு ஐம்பத்தைந்துக்குக் குழாய்ப் பட்டியலில் பெயர். பிள்ளைக்கு ஓடி வந்த களைப்பு என்று சாச்சி எனக்குச் சர்பத் கரைத்துத் தந்தாள். உப்புக் கரித்தது. இனி அதிக நாளுக்குக் கரிக்காது என்று குடித்தேன். நிஸார் சேர் இன்னும் கொழும்பை நினைத்துக்கொண்டுதான் நிற்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் தலையணையைக் கடித்துச் சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவேண்டிய இடம் அதுவல்ல. பொறுங்கள்.

திங்கட்கிழமை எனக்கே ஒரு வதிவுக் கடிதம் தேவைப்பட்டது. புதன்கிழமை தொழில்நுட்பக் கல்லூரியில் நேர்முகம். போனால், வாசல்வரை வரிசை. நிஸார் சேரின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை. அதில் மூக்குக்கண்ணாடியோடு சாச்சி. மணிக்கொருமுறை நடந்துபோவதைவிட இது வசதி என்று கூட்டிவந்துவிட்டாராம்.

"பெயர்?" என்றார் நிஸார் சேர்.

"அக்கீலா, சேர். தெரியும்தானே."

"தெரியும். மூன்றாம் ஒழுங்கை என்று ஸ்க்ரீனும் சொல்லுது. ஆனா தொலைபேசிப் பதிவேடு வேற சொல்லுதே." அவர் ஒரு விரலை நனைத்துப் பக்கம் திருப்பி வாசித்தார். "திங்கள்: 'நான் கொழும்பில் இருந்து கதைக்கிறேன்.' வியாழன், பி.ப. 2.10: 'நான் கொழும்பில் இருந்து கதைக்கிறேன்.' பின்னணியில் பாண் ஓட்டோ, விக்கல் இரண்டு. அதே நேரம் அலுவலக ஜன்னலிலும் விக்கல் இரண்டு." நிமிர்ந்தார். "கொழும்பில இருக்கிறவங்களுக்கு இங்க வதிவுக் கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரமில்ல, புள்ள."

"சேர், நான் இங்கதான் இருக்கேன். இந்தா, கதவடியில நிக்கிறேனே."

"கதவடி டிஜிட்டல் இல்ல."

"சாச்சி! நீங்களாவது சொல்லுங்க!"

சாச்சி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். தொண்டையைச் செருமினாள். வாசலில் பியோன் எழும்பி நின்றான். நிஸார் சேரின் செருமலை என்னைவிட நன்றாகச் செய்தாள். அல்லது செய்யவேயில்லை, அது அவளுடைய குரலாகவே ஆகிவிட்டிருந்தது.

"மணிக்கொருக்கா வரட்டும், சேர். இருபத்திரண்டு தரம். பெயரைச் சொல்லட்டும், சொந்தக் குரல்ல. பிறகு பார்ப்போம்."

இன்று திங்கள். அலுவலகம் திறந்திருக்கும் மணிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு முடிய புதன்கிழமை பின்னேரம் ஆகும், நேர்முகம் காலையில்.

நிஸார் சேர் அவசரப்படாமல் கோட்டுப் பொத்தானைப் போட்டார். கதிரையைப் பின்னால் தள்ளினார். தாங்கிக்குள் கேட்ட அதே கிரீச்.

"எழும்பி நிக்கிறேன், மெடம்," என்றார் என்னைப் பார்த்து.

வரிசையில் நின்றவர்களே, உங்கள் முறை வந்துவிட்டது. சிரிக்கலாம்.